பாறை நிழலில் பத்துப் பேர்

மதுரைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மீனாட்சியம்மன் கோயில் பார்த்தாச்சு, நாயக்கர் மகாலும் ஆச்சு. இன்னும் ஒரு நாள் கையில இருக்கு. எங்க போகலாம்?" டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். மேலூர் பக்கம் போங்கள். அரிட்டாபட்டி, கீழவளவு, திரும்பும் வழியில் யானைமலை. ஒரு நாளைக்கு இந்த மூன்று போதும். தனியாகப் போக வேண்டாம், ஐம்பது பேர் ஏறும் பேருந்திலும் போக வேண்டாம். பத்துப் பேர், ஒரு வேன், கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவர். இப்படித்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் அந்த நிலத்தைப் பற்றி. மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் சாலையில் ஏறினால் ஒத்தக்கடையில் யானைமலை வந்துவிடும். படுத்திருக்கும் யானையைப் போல ஒரே பாறையாக நீளும் மலை. அதைக் கடந்ததும் வயல்கள் தொடங்குகின்றன. 1895இல் பெரியாறு அணை கட்டி முடிந்தபின் அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து சேரும் பகுதி இது. மேலூர் வட்டாரம் பெரும்பாலும் ஒருபோகப் பாசனம். அதனால் கார்த்திகை, மார்கழியில் போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். நடுநடுவே கரும்பு, வாழை, கண்மாய்க் கரைகளில் பனை. இவற்றுக்கு இடையே மரமோ புதரோ அதிகம் இல்லாத மொட்டைப் பாறைக் குன்றுகள் திடீர் திடீரென்று எழுந்து நிற்கும்.

அந்தக் குன்றுகளில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு சமணத் துறவிகள் இவற்றின் இயற்கையான குகைத்தளங்களில் தங்கினார்கள். அவர்களுக்காக ஊர்க்காரர்களும் வணிகர்களும் அரசனின் ஆட்களும் பாறையைச் செதுக்கிப் படுக்கை அமைத்துக் கொடுத்தார்கள். கொடுத்தவர் யார் என்பதைப் பாறையின் நெற்றியில் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டி வைத்தார்கள். தமிழகத்துக் குகைகளில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் பெரும் பங்கு மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் இருப்பவைதான்.

ஒரு கற்படுக்கையை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சமதளப் பாறை. பக்கத்தில் குனிந்தால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குத் தளத்தை இழைத்திருப்பது தெரியும். ஒரு முனை மட்டும் இரண்டு மூன்று விரல்கடை உயர்ந்திருக்கும். அது தலையணை. படுக்கைக்கும் படுக்கைக்கும் நடுவே மெல்லிய வரம்பு. இப்போது தலையைத் தூக்கிக் கூரைப் பாறையின் விளிம்பைப் பாருங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு பள்ளக் கோடு ஓடும். காடி என்பார்கள். மழைநீர் பாறையின் மேல் வழிந்து வந்து உள்ளே புகாமல், இந்தக் காடியில் தடைபட்டு வெளியே சொட்டிவிடும். எழுத்துகளைத் தேடுவதென்றால் இந்தக் காடிக்கு மேலோ கீழோதான் தேட வேண்டும். குகைக்கு முன்னால் தரைப்பாறையில் வட்டமான குழிகள் தென்பட்டால் அவை கால் நட்டுப் பந்தல் போட்ட இடங்கள். படுக்கை, காடி, குழி மூன்றையும் சேர்த்துப் பார்த்தபின் அந்த இடம் ஒரு வீடு போல விளங்கத் தொடங்கும்.

ஆனால் இதையெல்லாம் யாராவது காட்டினால்தான் தெரியும். அறிஞர்களுக்கே நாளாயிற்று. அரிட்டாபட்டிக்கு அருகில் உள்ள மாங்குளம் மலைக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சிவெல் கண்டு பதிவு செய்தார். எழுத்து பிராமி என்று தெரிந்தது, ஆனால் படித்தால் பொருள் கிடைக்கவில்லை. 1924இல்தான் கே. வி. சுப்பிரமணிய ஐயர் தமிழுக்கே உரிய ழ, ள, ற, ன வடிவங்களை அடையாளம் காட்டி, இந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்றார். 1960களில் ஐராவதம் மகாதேவன் இன்னும் நெருங்கிப் படித்தபோது மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் தெளிவாக வந்தது. கணி நந்தன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி செய்வித்த பள்ளி, அதாவது துறவியர் தங்குமிடம், அது. கண்ணெதிரே இருந்த பெயரைப் படிக்க எண்பது ஆண்டுகள்.

சிக்கல் எங்கே இருந்தது என்பதை உடன் வருபவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். அசோகர் காலப் பிராமியில் ஒரு மெய் வடிவத்தைக் கோடு எதுவும் சேர்க்காமல் எழுதினால் அது 'க'. பக்கத்தில் சிறு கோடு இழுத்தால் 'கா'. மாங்குளத்தில் எழுதியவர்களின் முறை வேறு. கோடில்லாத வடிவம் 'க்'. கோடு சேர்ந்தால் 'க' என்றோ 'கா' என்றோ இடத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். மெய்க்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அப்போது இன்னும் வரவில்லை. வடக்கத்திய முறையை மனதில் வைத்துக்கொண்டு படித்தவர்களுக்குக் குறில்களெல்லாம் நெடிலாகவும் மெய்களெல்லாம் உயிர்மெய்யாகவும் கேட்டன. இந்த ஒரு சூத்திரத்தைத் தெரிந்துகொண்டு பாறையைப் பார்த்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட நாலைந்து எழுத்தைக் கூட்டிப் படித்துவிடும். அப்படிப் படித்த பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இந்தப் பயணத்தை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து, ஏன் பத்துப் பேர்?

அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பாறை. கற்படுக்கைகளுக்கு மேலே நீளும் கூரையின் நிழலில், படுக்கைகளை மிதிக்காமல், ஒருவர் முதுகு இன்னொருவருக்கு மறைக்காமல் நிற்கக்கூடியவர்கள் பத்து, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவது ஆள் வெயிலில் நிற்பார். வெயிலில் நிற்பவருக்கு நிழலுக்குள் இருக்கும் எழுத்து தெரியாது. கண் கூசும். அவர் கைப்பேசியை எடுத்துவிடுவார், பிறகு அவர் பயணத்தில் இல்லை. பெரிய கூட்டம் வந்தால் வழிகாட்டி குரலை உயர்த்தியாக வேண்டும். அங்கே குரலை உயர்த்தக் கூடாது. பாறை இடுக்குகளில் மலைத்தேனீ பெரிய பெரிய அடைகளாகக் கூடு கட்டியிருக்கும். உச்சிப் பாறைகளில் வல்லூறுகள் குஞ்சு பொரிக்கும். கூச்சலும் செண்டு வாசனையும் புகையும் தேனீயைக் கிளப்பிவிட்டால் ஓடி ஒளிய அந்த மொட்டைப் பாறையில் இடம் கிடையாது. இன்னொன்று, ஊருக்குள் போகும் சாலை. பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் எதிரே டிராக்டர் வந்தாலும் ஒதுங்கிக்கொள்ளும். பெரிய பேருந்து வந்தால் அன்று காலை அந்த ஊரின் வேலை நின்றுபோகும்.

விடியலில் கிளம்ப வேண்டும். ஆறு மணிக்கு மதுரையை விட்டால் ஏழுக்குள் அரிட்டாபட்டியில் இருக்கலாம். சீக்கிரம் போகச் சொல்வது வெயிலுக்குப் பயந்து மட்டுமல்ல. பக்கவாட்டில் விழும் இளவெயிலில்தான் எழுத்து தெரியும். வெள்ளையடித்த சுவரில் ஓரமாக டார்ச் அடித்தால் மேடுபள்ளமெல்லாம் எழும்பி நிற்குமே, அதே கதை. உச்சிவெயிலில் அதே பாறை தட்டையாக, ஒன்றும் எழுதப்படாததுபோல் இருக்கும். தெரியவில்லை என்பதற்காக எழுத்தின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் இழுப்பவர்கள் உண்டு. உங்கள் வழிகாட்டி அப்படிச் செய்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். ஒருவர் தப்பாக இழுத்த கோடு அடுத்து வருகிறவருக்கு எழுத்தாகத் தெரியும்.

அரிட்டாபட்டியில் ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சிவன் குடைவரை இருக்கிறது. முற்காலப் பாண்டியர் பணி. மலையைக் குடைந்து கருவறை, அதே பாறையிலேயே லிங்கம், இரு பக்கமும் காவலர். வெளிச்சுவரில் ஒரு பக்கம் பிள்ளையார். மறுபக்கம் இருப்பவர்முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அவர் இலகுலீசர். பாசுபத சைவர்கள் சிவனின் அவதாரமாக வணங்கிய ஆசான், கையில் தடி வைத்திருப்பார். தமிழ்நாட்டில் அவரது சிற்பம் அபூர்வம். சமணர் படுக்கையும் பாசுபதர் கோயிலும் ஒரே ஊரின் பாறைகளில் இருக்கின்றன என்பதைச் சும்மா கேட்டால் ஒரு தகவல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போனால் அதன் கனம் தெரியும்.

அந்தச் சமணர் படுக்கை அதே ஊரின் கழிஞ்சமலையில் இருக்கிறது. அங்கே கூரைப் பாறையின் நெற்றியில் இரண்டு தமிழ் பிராமிக் கல்வெட்டுகள். ஒன்றில் நெல்வெளியைச் சேர்ந்த ஒருவர், மற்றதில் இலஞ்சியைச் சேர்ந்த வேள் ஒருவரின் மகன் எமயவன், இந்தக் குகையைச் செய்து கொடுத்ததாக இருக்கிறது. நெல்வெளியைத் திருநெல்வேலி என்றும் இலஞ்சியைக் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கும் இலஞ்சி என்றும் கொள்கிறார்கள். தென்கோடியிலிருந்து ஒருவர் இவ்வளவு தூரம் வந்து, முன்பின் தெரியாத துறவிகள் படுத்து உறங்க ஒரு பாறையைச் செப்பனிட்டுக் கொடுத்திருக்கிறார். வந்தது வணிகத்துக்கா, வழிபாட்டுக்கா என்று வேனில் திரும்பும்போது பேசிக்கொண்டு வாருங்கள். நல்ல வழிகாட்டி இந்த இடத்தில் பதில் சொல்லிவிடாமல் கேள்வியை உங்களிடம் விட்டுவிடுவார்.

அதே பாறையில் பிற்காலத்துத் தீர்த்தங்கரர் உருவம் ஒன்றும் இருக்கிறது. கீழே வட்டெழுத்தில், அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி என்றும், அதைக் காப்பது ஊராரின் பொறுப்பு என்றும் பொறித்திருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து மலைகளில் பல இடங்களில் வரும் பெயர் அச்சணந்தி.

ஊராரின் பொறுப்பு என்றதும் அண்மைக்கால வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,000 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குப் போனது தெரியவந்தது. மேலூர் வட்டாரத்து ஊர்களெல்லாம் ஒன்றாக எழுந்தன. கிராமசபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது, ஜனவரியில் மக்கள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரை நகரம் வரை நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நீங்கள் அங்கே போகும்போது கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அந்த நடையில் வந்தவராக இருப்பார். "எங்கருந்து வாறீக? சாப்ட்டீகளா?" என்று அவரே பேச்சைத் தொடங்குவார். "ஐயா, இந்த மலையைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். அங்கே வழிகாட்டி வாயைத் திறக்கத் தேவையில்லை. எத்தனை கல்வெட்டு பார்த்தோம் என்ற கணக்கைவிட அந்த அரைமணி நேரப் பேச்சு பெரியது என்பது என் எண்ணம்.

காலைச் சாப்பாடு மேலூரில். வேன் வைத்து அழைத்துப் போகிறவர்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று: மலைப்பக்கம் கழிப்பறை கிடையாது. மேலூர் ஓட்டலில் நிறுத்தும்போதே அதை முடித்துக்கொள்ள நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். பெண்களும் வயதானவர்களும் தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டே மலையேறும் பயணம் நல்ல பயணம் கிடையாது.

மேலூரிலிருந்து திருப்பத்தூர் சாலையில் பத்து கிலோமீட்டர் அளவில் கீழவளவு. சாலையோரமே பஞ்சபாண்டவர் மலை. சமணர் படுக்கை இருக்கும் குன்றுகளைப் பாண்டவர்களோடு சேர்த்துச் சொல்வது நம் ஊர்களில் பரவலான வழக்கம். உருண்டு வந்து நின்றதுபோன்ற ஒரு பெரும்பாறையின் அடியில் படுக்கைகள், மேலே கல்வெட்டு. அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு எழுத்து தெரிந்தவருக்கும் குழப்பம்தான் மிஞ்சும். ஏனென்றால் எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கின்றன, சில இடவலமாகவும் திரும்பியிருக்கின்றன. ஒரு வழி இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுங்கள், படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், பிறகு கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒருமுறை புரட்டுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது 'தொண்டி' பிடிபடும். தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்று படிக்கிறார்கள். ஏன் தலைகீழாக வெட்டினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

பாறையின் இன்னொரு பக்கத்தில் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் செதுக்கிய தீர்த்தங்கரர் வரிசை இருக்கிறது. உற்றுப் பார்த்தால் சில உருவங்களின்மேல் பழைய சுதையும் வண்ணமும் ஒட்டியிருப்பது தெரியும். அப்படியே திரும்பி வயல் பக்கம் பாருங்கள். கிரானைட் வெட்டியெடுத்த குழிகளும் அடுக்கிய கற்களும் தெரியும். மேலூர் வட்டாரத்துக் கிரானைட் முறைகேடுகள் 2012இல் வெளியே வந்து, 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை விசாரணைக்கு நியமித்தது. இந்தக் குன்று தப்பியதற்கு அதன் எழுத்தும் சிற்பமும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தது பெரும் காரணம். எழுத்து இல்லாத குன்றுகள் பல இன்று இல்லை. இந்த இடத்தைக் காட்டாமல், அழகான பக்கத்தை மட்டும் படமெடுக்க வைத்துக் கூட்டிப்போகும் வழிகாட்டி எனக்கு வேண்டாம்.

பதினொரு மணிக்கு மேல் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். மதியம் மேலூரில் சாப்பிட்டுவிட்டு ஒரு புளியமர நிழலோ மண்டபமோ பார்த்து உட்கார்ந்து, காலையில் பார்த்ததைப் பேசுங்கள். இந்த நேரத்தை வீண் என்று நினைத்து இன்னொரு ஊரைச் செருகுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் எட்டு இடம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் நான் யாரையும் அனுப்புவதில்லை. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: எத்தனை பேர் வருகிறார்கள், ஓரிடத்தில் எவ்வளவு நேரம் இருப்போம், ஊர்க்காரர் யாராவது உடன் வருகிறாரா, சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம் அந்த ஊர்ப்பக்கத்துக்குப் போகிறதா. கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

சாயங்காலம் திரும்பும் வழியில் யானைமலையடி, நரசிங்கம். கோயில் நடை திறக்கும் நேரத்தை வழிகாட்டி முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். இங்கே மலையைக் குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் எடுத்தவர் மாறன் காரி, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர். கல்வெட்டு கலியுகம் 3871 என்று ஆண்டு குறிக்கிறது, அதாவது கி.பி. 770. வேலை முழுமை பெறுமுன் அவர் இறந்துபோனார். அவருக்குப்பின் அமைச்சரான தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தை முடித்துக் குடமுழுக்குச் செய்தார். அண்ணன் தொடங்கியதையும் தம்பி முடித்ததையும் தனித்தனிக் கல்வெட்டாகவே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் லாடன் கோயில் என்ற முருகன் குடைவரை. மலைமேல் சமணர் படுக்கையும் வண்ணம் மங்கிய சிற்பங்களும் உண்டு. கால் வலு இருப்பவர்கள் ஏறலாம், மற்றவர்கள் கீழேயே இருந்துவிடலாம், குறை ஒன்றும் இல்லை. இந்த மலையையும் 2010இல் சிற்ப நகரம் அமைப்பதற்காக வெட்டும் பேச்சு வந்தது. சுற்றுவட்டார மக்கள் எதிர்த்ததால் நின்றது. அந்தச் சூட்டில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் பசுமை நடை என்ற அமைப்பைத் தொடங்கினார். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் மலையடிவாரத்தில் நின்று எளிய தமிழில் விளக்கிச் சொல்ல, மதுரைக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கேட்டார்கள். இன்று இந்த ஊர்களுக்குச் சிறு குழுக்களை அழைத்துப் போகும் இளைஞர்கள் பலர் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள்.

கீழக்குயில்குடி சமணர் மலையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அது மதுரைக்கு மேற்கே, தேனி சாலைப் பக்கம். மேலூரிலிருந்து அங்கே போக நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். நாளே கெட்டுவிடும். அதற்கு வேறொரு காலையை வையுங்கள். தாமரைக் குளத்துக்கு எதிரே படியேறிப் பேச்சிப்பள்ளத்துச் சிற்ப வரிசைக்குப் போகும்போது, குணமதியார் பெயர் எது என்று கேட்டுப் பாருங்கள். மலை மலையாகத் திருமேனி செய்வித்த அச்சணந்தியின் தாயார் அவர். அவர் பெயரிலும் அங்கே ஒரு திருமேனி இருக்கிறது.

இனி நடைமுறை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, பிடிப்புள்ள செருப்பு. கோயிலும் காவல் தெய்வமும் இருக்கும் இடங்களில் செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்று ஊர்க்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஐப்பசி கடைசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். பங்குனிக்கு மேல் வேண்டாம். முந்தின இரவு மழை பெய்திருந்தால் வழிகாட்டிக்குப் போன் செய்து கேளுங்கள். ஈரப்பாறை வழுக்கும். அவர் இன்று வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சு பேசாமல் நாளைத் தள்ளிப் போடுங்கள்.